ஒரே ஊர், இரண்டு முறை

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் ‘மெய்நிகர் உலக வகுப்பறை’ என்று இந்த ஆண்டு தனிக் கட்டணம் கேட்கிறார்களாம். “ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் பிள்ளை இதயத்துக்குள்ளேயே நடந்து போகலாம் என்கிறார்கள். கட்டலாமா சார்?”

இதயத்துக்குள் நடந்தால் இதயம் புரிந்துவிடும் என்றால், டவுன் பஸ்ஸில் தினமும் ஏறி இறங்கும் நாமெல்லாம் இந்நேரம் மெக்கானிக் ஆகியிருக்க வேண்டும்.

என் குசும்பை விடுங்கள். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ரிச்சர்ட் மேயரும் கைடோ மக்ரான்ஸ்கியும் சக ஆய்வாளர் ஒருவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில் 52 கல்லூரி மாணவர்கள். ஒரே ஆய்வகப் பாடம், கணினித் திரையில் ஒரு முறை, ஹெட்செட்டில் ஒரு முறை. ஹெட்செட்டில் ‘அங்கேயே இருந்த மாதிரி’ உணர்ச்சி கூடியது, கற்றது குறைந்தது. மூளை அலைகளை அளந்ததில் சுமையும் ஹெட்செட்டில்தான் அதிகம். வேடிக்கை பார்க்கவே மூளைக்கு வேலை சரியாக இருந்திருக்கிறது.

வரலாறு இல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்பவர்களுக்காக ஒரு பத்தி. 1968இல் கணினி விஞ்ஞானி ஐவன் சதர்லேண்ட் கூரையிலிருந்து தொங்கவிட்ட தலைக்கருவியில் தொடங்கிய கதை இது. 2003இல் வந்த ‘செகண்ட் லைஃப்’ என்ற இணைய உலகத்தில் பல்கலைக்கழகங்கள் தீவு வாங்கி, அதில் விரிவுரை மண்டபம் கட்டி, வரிசையாக நாற்காலி போட்டன. நினைத்தால் பறக்கக்கூடிய உலகத்தில் போய் உட்கார நாற்காலி! 2021இல் ஃபேஸ்புக் நிறுவனம் மெய்நிகர் உலகை நம்பி ‘மெட்டா’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு கூகுள், பள்ளிகளுக்கான தன் மெய்நிகர் சுற்றுலாச் செயலியை மூடியது. போதும்.

எனக்குப் பிடித்தது இந்த ஆரவாரத்தில் அடிபடாத ஒரு மெய்நிகர் ஊர். பெயர் ‘ரிவர் சிட்டி’. ஹார்வர்டில் கிறிஸ் டீடியின் குழு 2000களின் தொடக்கத்தில் நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவாக்கியது. ஹெட்செட் கிடையாது, சாதாரணக் கணினிதான். 1878ஆம் ஆண்டின் அமெரிக்க நகரம் ஒன்று, ஊரெல்லாம் நோய். நம் காலத்துப் பிள்ளைகள் உள்ளே போய்க் காரணம் கண்டுபிடித்து மேயருக்குக் கடிதம் எழுத வேண்டும். குறும்பு என்னவென்றால், நோய் ஒன்றல்ல, மூன்று. தண்ணீரில் ஒன்று, பூச்சியால் ஒன்று, ஆளுக்கு ஆள் ஒட்டுவது ஒன்று. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். பிள்ளைகள் தண்ணீர் எடுத்துக் கிருமியை எண்ணலாம், ஊர்க்காரர்களிடம் விசாரிக்கலாம், வெவ்வேறு பருவத்தில் திரும்பி வந்து பார்க்கலாம்.

அதன்பிறகு வருவதுதான் என் தூக்கத்தைப் போக்கிய விஷயம். ‘இதனால்தான்’ என்று ஒரு குழு சந்தேகித்தால், அந்த ஒன்றை மட்டும் மாற்றிய அதே ஊருக்குள் மறுபடி போகலாம்.

இதன் அருமை ரசம் வைத்தவர்களுக்குத் தெரியும். ரசம் மணப்பது பெருங்காயத்தாலா? நேற்றுப் போட்டு, இன்று போடாமல் வைத்துப் பார்த்தால் சரிவராது. நேற்றைய தக்காளி வேறு. ஒரே நேரத்தில் இரண்டு அடுப்பில் வைக்கலாமென்றால் இடது பக்க பர்னர் கொஞ்சம் மந்தம். ஈயச் சொம்பு வீட்டில் ஒன்றுதான். இன்னொன்றைப் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிவிட்டாலும், முதல் ரசம் பட்ட நாக்கு இரண்டாவதற்கு அதே நாக்கு இல்லை. கணினி ஊரிலோ அதே தக்காளி, அதே தீ, அதே சொம்பு, அந்த நொடியில் அடுப்படியில் நுழைந்த அதே பூனை. பெருங்காயம் மட்டும் இல்லை. சாப்பிடத்தான் முடியாது.

நிஜ ஊரில் இந்த வசதி கிடையாது. 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வந்தபோது, தண்ணீர்தான் காரணம் என்று சந்தேகித்து, பிராட் தெருக் குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார் மருத்துவர் ஜான் ஸ்னோ. பாடப்புத்தகங்கள் அத்தோடு கைதட்டிவிடும். ஆனால் மக்கள் ஏற்கெனவே ஊரைக் காலிசெய்து ஓடியதால் சாவு முன்பே குறையத் தொடங்கியிருந்தது என்பதை ஸ்னோவே எழுதியிருக்கிறார். கைப்பிடி கழற்றாத இன்னொரு சோஹோவுக்கு அவர் எங்கே போவார்?

அவருக்கு வேறோர் அதிர்ஷ்டம் இருந்தது. தெற்கு லண்டனில் இரண்டு தண்ணீர் கம்பெனிகளின் குழாய்கள் ஒரே தெருவில் வீடு மாற்றி வீடு ஓடின. லாம்பெத் கம்பெனி 1852இலேயே தேம்ஸின் மேல்பகுதிக்குப் போய்ச் சுத்தமான தண்ணீர் எடுத்தது. மற்றது சாக்கடை கலக்கும் இடத்திலேயே எடுத்தது. சாவுக் கணக்கை ஸ்னோ வீடு வீடாகச் சரிபார்த்தார். 10,000 வீடுகளுக்கு லாம்பெத் தண்ணீரில் 37 சாவு, மற்றதில் 315. ஒரே தெரு, இரண்டு ரசம். லண்டன் அவருக்குத் தற்செயலாகக் கொடுத்ததை ரிவர் சிட்டியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்டு வாங்கிக்கொண்டது.

அதற்காக மெய்நிகர் ஊர் மெய்யான ஊராகிவிடாது. நிரல் எழுதியவர் மறந்த கிருமி அங்கே யாரையும் கொல்லாது. கண்டுபிடிக்க ஒரு விடை இருக்கிறது என்பது பிள்ளைக்கு முதலிலேயே தெரியும், ஸ்னோவுக்குத் தெரியாது.

கோவை நண்பருக்கு: கட்டணம் கட்டுமுன் ஒருமுறை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே எதையாவது மகள் மாற்ற முடிகிறதா, மாற்றிவிட்டு முதலிலிருந்து ஓட்ட முடிகிறதா என்று பாருங்கள். நடந்து பார்க்க மட்டும்தான் என்றால் அது சினிமா. சினிமா டிக்கெட் விலைக்குமேல் கொடுக்காதீர்கள். வீட்டிலேயே தொடங்க, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ பாவனைப் பயிற்சிகள் இருக்கின்றன. நோபல் பெற்ற இயற்பியலர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. ஊசலின் நீளத்தை மட்டும் மாற்றலாம், எடையை மட்டும் மாற்றலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். சில தமிழிலும் கிடைக்கின்றன. கட்டணம் இல்லை.