லேத் வேகமும் டூலின் ஆயுளும்

நம் ஸ்ரீராம்புரத்துப் பிள்ளைகள் சிலர் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்துப் பீன்யா, ராஜாஜிநகர் பட்டறைகளுக்கு லேத் வேலைக்குப் போகிறார்கள். கடன் வாங்கிச் சொந்த மெஷின் போட்டவர்களும் உண்டு. ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அவர்களுக்கு உதவும் ஒரு கணக்கை இங்கே தருகிறேன்.

ஒரு டூல் எத்தனை பீஸ் தாங்கும் என்று தெரியாமல் ஆர்டருக்கு விலை சொன்னால் நஷ்டம் நம் தலையில்தான் விழும். இதற்கு வழி காட்டியவர் எஃப்.டபிள்யூ. டெய்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர். 26 ஆண்டுகள் சோதனை நடத்தி, 1906 டிசம்பரில் தம் முடிவுகளை அறிவித்தார்.

அவர் கண்டது இதுதான்: வேகம் கொஞ்சம் கூடினாலும் டூலின் ஆயுள் வெகுவாகக் குறையும். ஹைஸ்பீடு ஸ்டீல் டூலுக்கு, வேகம் 10 சதவீதம் கூடினால் எட்டு 1.1-களைப் பெருக்கிப் பாருங்கள், 2.14 வரும். 60 நிமிடம் உழைத்த டூல் 28 நிமிடத்தில் மழுங்கிவிடும். கார்பைடுக்கு நான்கு 1.1-கள் போதும், ஆயுள் 41 நிமிடம். வெட்டும் முனையில் எழும் சூடே காரணம். சுமார் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஹைஸ்பீடு ஸ்டீலின் கடினம் குறைந்துவிடும். கார்பைடு அதைவிட அதிகச் சூடு தாங்கும்.

எட்டு மணி நேரம் வெட்ட வேண்டிய வேலையை ஹைஸ்பீடு ஸ்டீல் டூலால் 10 சதவீதம் வேகமாக ஓட்டினால் 44 நிமிடம் மிச்சமாகும். ஆனால் டூலைக் கழற்றிச் சாணை பிடிப்பது 8 தடவையிலிருந்து 16 தடவையாகும். தடவைக்குப் பத்து நிமிடம் என்றால் 80 நிமிடம் போய்விடும்! "வேகமாய் ஓட்டினால் கூடுதல் கூலி" என்று நினைக்கும் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

சீவலும் சேதி சொல்லும். சீட்டுக்கட்டைச் சாய்த்துத் தள்ளினால் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குமே, அதுபோல் உலோகமும் சறுக்கித்தான் சீவலாகிறது. இந்தச் சறுக்கலின் கோணத்துக்கு 1945-இல் மெர்ச்சன்ட் என்பவர் சூத்திரம் தந்தார். 0.2 மில்லிமீட்டர் வெட்டுக்கு 0.5 மில்லிமீட்டர் தடிமனில் சீவல் வந்தால் உலோகம் அதிகம் நசுங்குகிறது. மோட்டாருக்கும் சுமை கூடுகிறது. டூலின் கோணத்தையும் கூலண்டையும் சரி பாருங்கள்.

சூத்திரம் மட்டும் போதாது. இரும்புக்கு இரும்பு குணம் மாறும். இரண்டு வேகங்களில் ஓட்டி, டூல் மழுங்கும் நேரத்தை நோட்டில் குறியுங்கள். உங்கள் மெஷினுக்கான கணக்கு கிடைத்துவிடும். மேலும் கற்க விரும்புவோருக்குத் தும்கூர் சாலையில் 1962-இல் தொடங்கிய சி.எம்.டி.ஐ. இருக்கிறது. விலை சொல்லுமுன் ஒருமுறை கணக்குப் போடுங்கள், தம்பிகளே!