வட்டி வாங்காத பேங்குக்கு ஏற்றுமதி இறக்குமதியில லாபம் எங்கிருந்து வருது?

துபாய்லயோ கோலாலம்பூர்லயோ வேலை பார்க்கிற நம்ம ஆட்கள் பலருக்குச் சம்பளம் விழுற அக்கவுண்ட் ஒரு இஸ்லாமிய வங்கியில இருக்கும். சேமிப்புக் கணக்கோட ஸ்டேட்மென்ட்ல "வட்டி"ன்னு வராது, "லாபம்"னு ஒரு சின்னத் தொகை வரும். வட்டியே வாங்காத பேங்க் இந்த லாபத்தை எங்கிருந்து கொண்டு வருது?

வீட்டுக் கடன், கார் கடன் பத்தி எல்லாரும் பேசுறாங்க. இன்னைக்கு நாம பார்க்கப் போறது அதிகம் பேசப்படாத ஒரு பக்கம்: டிரேட் ஃபைனான்ஸ். சரக்கு ஏற்றுமதி, இறக்குமதி பண்றவங்களுக்கு பேங்க் செஞ்சு தர்ற வேலை. இதைப் புரிஞ்சுக்கிறதுல உங்களுக்கு நேரடியா ஒரு பயன் இருக்கு. "ஹலால் வியாபாரம், மாசாமாசம் லாபப் பங்கு"ன்னு யாராவது உங்க சேமிப்பைக் கேட்டு வந்தா, அந்தக் கணக்கு நடக்குமா நடக்காதான்னு நீங்களே சொல்லிடலாம்.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி. துபாய் தெய்ராவுல ஒரு மொத்த வியாபாரி. சரக்கு மதிப்பு 10 லட்சம் திர்ஹாம். (இந்த எண்கள் எல்லாம் கணக்கு புரியறதுக்காக நான் போட்டது. நிஜத்துல ஆளைப் பொறுத்து, சந்தையைப் பொறுத்து மாறும்.)

திருப்பூர்க்காரர் பணம் வராம கன்டெய்னர் அனுப்ப மாட்டார். தெய்ராக்காரர் சரக்கு வராம பணம் கட்ட மாட்டார். நடுவுல பேங்க் வந்து, "கப்பல்ல ஏத்தின ரசீது, இன்வாய்ஸ் எல்லாம் சரியா இருந்தா பணம் நான் தரேன்"னு எழுதிக் கொடுக்கும். அதுதான் லெட்டர் ஆஃப் கிரெடிட், சுருக்கமா எல்சி. உலகம் முழுக்க இதுக்கு ஒரே விதிப் புத்தகம்: சர்வதேச வர்த்தகச் சபையோட யூசிபி 600, 2007 ஜூலையில இருந்து நடைமுறையில இருக்கு. அதன்படி பேங்க் பார்க்கிறது பேப்பரை மட்டும்தான். பெட்டிக்குள்ள பனியன் இருக்கா, பழைய துணி இருக்கான்னு பிரிச்சுப் பார்க்காது.

இந்தக் கட்டத்துல யாரும் யாருக்கும் கடன் தரலைங்கிறதைக் கவனிச்சீங்களா? அதனால வட்டிப் பிரச்சினையும் இல்லை. இஸ்லாமிய வங்கி இதை "வகாலா", அதாவது முகவர் வேலைன்னு வச்சுக்கிட்டு ஃபீஸ் வாங்கும். மூணு மாசத்துக்கு கால் சதவீதம்னு வச்சா 2,500 திர்ஹாம். இது போக எல்சியில திருத்தம் போட்டா தனி சார்ஜ், ஸ்விஃப்ட் மெசேஜுக்குத் தனி சார்ஜ், பேப்பர்ல தப்பு இருந்தா அதுக்கும் ஒரு சார்ஜ். அந்தக் கடைசி சார்ஜ் பெரும்பாலும் நம்ம திருப்பூர்க்காரர் பணத்துல இருந்துதான் கழியும்.

கையில காசு இல்லைன்னா?

தெய்ரா வியாபாரிகிட்ட இப்போ பணம் இல்லை, வித்துத்தான் கட்டணும். சாதாரண பேங்க் கடன் கொடுத்து வட்டி போடும். இஸ்லாமிய வங்கி "முராபஹா" பண்ணும். சரக்கைத் தானே 10 லட்சத்துக்கு வாங்கி, "எனக்கு அடக்கம் இவ்வளவு, என் லாபம் இவ்வளவு"ன்னு வெளிப்படையா சொல்லி, 90 நாள் தவணையில 10,15,000-க்கு அவருக்கே விக்கும். அந்த 15,000 வியாபார லாபம்.

இங்க வரிசை ரொம்ப முக்கியம். வியாபாரி ஏற்கெனவே தன் பேர்ல சரக்கை வாங்கி முடிச்சிருந்தா, அவருக்குச் சொந்தமானதை பேங்க் அவருக்கே விக்க முடியாது. முதல்ல உரிமை பேங்க் கைக்கு வரணும், அப்புறம்தான் விற்பனை. நடுவுல சரக்கு கடல்ல போச்சுன்னா நஷ்டம் பேங்குக்கு. இந்த ரிஸ்க்கைச் சுமக்கிறதாலதான் அது வட்டி இல்லை, லாபம்னு அவங்க வாதம்.

"அட, பேர் மாத்தி வச்ச வட்டிதானே இது?"ன்னு நீங்க கேட்பீங்க. நியாயமான கேள்விதான். லாப சதவீதத்தை பேங்க் முடிவு பண்றது ஈபோர், சோஃபர் மாதிரியான வட்டி விகிதங்களைப் பார்த்துத்தான். சரக்கை வாங்கற வேலையையும் பெரும்பாலும் வியாபாரியையே முகவரா போட்டு முடிச்சிடுவாங்க. இந்தக் கேள்வி லண்டன் கோர்ட் வரைக்கும் போயிருக்கு. பஹ்ரைனோட ஷாமில் பேங்க், வங்கதேசத்தோட பெக்ஸிம்கோ மேல போட்ட வழக்குல, "இது உண்மையான முராபஹாவே இல்லை, மறைமுக வட்டிக் கடன்"னு கடன் வாங்கினவங்க தரப்பே வாதாடுச்சு. 2004-ல அப்பீல் கோர்ட் அதை ஏத்துக்கலை. ஒப்பந்தத்துக்கு இங்கிலாந்துச் சட்டம்தான் பொருந்தும், பணத்தைக் கட்டுன்னு சொல்லிடுச்சு. என் கருத்து: ரூபாய்க் கணக்குல பார்த்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா தவணை தவறும்போது நிஜமாவே வித்தியாசம் இருக்கு.

வியாபாரி 60 நாள் லேட்டா கட்டுறார்னு வைங்க. சாதாரண பேங்குக்கு மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். வருஷம் 6 சதவீதம்னாலும் இன்னொரு 10,000 திர்ஹாம், அபராத வட்டி தனி. இஸ்லாமிய வங்கி ஒரு தடவை 10,15,000-ன்னு வித்தாச்சுன்னா விலை ஏறாது. வளைகுடா வங்கிகள் பொதுவா தாமதத்துக்கு வாங்குற தொகையைத் தர்மக் கணக்குக்கு அனுப்பணும், தன் வருமானமா எழுத முடியாது. மலேசியாவுல கொஞ்சம் தளர்வு உண்டு. நிஜமான இழப்பை ஈடு செய்யற அளவுக்கு பேங்க் எடுத்துக்கலாம். அதனாலதான் இந்த வங்கிகள் ஆளைப் பார்த்து, அடமானம் பார்த்து, குறுகிய தவணையா கொடுக்கப் பார்க்குது.

பில் டிஸ்கவுன்ட்டிங்லயும் இதே மாதிரி ஒரு தடை இருக்கு. 90 நாள் கழிச்சு வர வேண்டிய பணத்தைக் கொஞ்சம் கழிச்சு இன்னைக்கே வாங்கிக்கிறது ஏற்றுமதியாளருக்கு வசதி, சாதாரண பேங்குக்கு நல்ல வருமானம். கடனைத் தள்ளுபடி விலையில விக்கறதை வளைகுடா அறிஞர்கள் பொதுவா ஏத்துக்க மாட்டாங்க. மலேசியா ஏத்துக்குது. வங்கி உத்தரவாதத்துக்கு ஃபீஸ் வாங்கறதுலயும் இதே பிரிவுதான். ஒரே மதம், ஒரே தொழில், ஆனா நாட்டைப் பொறுத்து வருமானக் கதவு திறந்தோ மூடியோ இருக்கு.

இப்போ லாபக் கணக்கு

முராபஹாவுல 10 லட்சத்தை வருஷத்துக்கு நாலு தடவை சுத்த விட்டா 60,000 திர்ஹாம். டெபாசிட் போட்டவங்களுக்கு 3.5 சதவீதம், 35,000 போச்சுன்னா மிச்சம் 25,000. எல்சி ஃபீஸ் நாலு தடவை 2,500, மொத்தம் 10,000. பார்த்தா முராபஹாதான் பெருசுன்னு தோணும். அங்கதான் ட்விஸ்ட்.

ஒவ்வொரு ரிஸ்க்குக்கும் பேங்க் தன் சொந்த மூலதனத்தை ஒதுக்கி வைக்கணும். பாசல் விதிப்படி குறைந்தபட்சம் 8 சதவீதம். முராபஹாவுக்கு முழு 10 லட்சத்தையும் கணக்குல எடுத்தா 80,000 ஒதுக்கணும். ஆனா சரக்கோட இணைஞ்ச குறுகிய கால எல்சிக்கு 20 சதவீதம்தான் கணக்குல வரும். அதாவது 2 லட்சத்துக்கு 8 சதவீதம், வெறும் 16,000. ஆக, 80,000 போட்டு 25,000 சம்பாதிக்கிறது ஒரு பக்கம். 16,000 போட்டு 10,000 சம்பாதிக்கிறது இன்னொரு பக்கம். ரெண்டாவதுல டெபாசிட் பணமே தேவைப்படலை. சம்பளம், வாடகை எல்லாம் இதுல இருந்துதான் போகணும், போட்டி இருக்கிற ஊர்ல ஃபீஸும் இறங்கும். ஆனாலும் டிரேட் ஃபைனான்ஸை வங்கிகள் விரும்பறதுக்கு முக்கியமான காரணம் இதுதான். எல்சி வாடிக்கையாளர் தன் நடப்புக் கணக்கையும் அந்நியச் செலாவணி மாத்தறதையும் அதே பேங்க்லதான் வச்சிருப்பார். அந்த வருமானம் தனி.

இப்போ அந்த 25,000-ஐத் திருப்பிப் பாருங்க. ஒரு வியாபாரி 10 லட்சத்தையும் கட்டாம ஓடிப் போனா, அதை ஈடு கட்ட நாற்பது நல்ல வியாபாரிகளோட ஒரு வருஷ லாபம் வேணும். அவ்வளவு மெல்லிசான தொழில் இது. பெரிய அளவுல, நம்பகமான ஆளுக்குக் கொடுத்தாத்தான் தாங்கும். ஜெத்தாவுல இருக்கிற ஐடிஎஃப்சி 2008-ல இருந்து இதையே முழுநேரத் தொழிலா பண்ணுது. வங்கதேசத்துக்கு எண்ணெய், எகிப்துக்குக் கோதுமைன்னு அரசு நிறுவனங்களோட இறக்குமதிக்கு முராபஹா கொடுக்குது.

இதை மனசுல வச்சுக்கிட்டு, "வியாபாரத்துல போட்டு மாசம் 3 சதவீதம் தரேன்"னு சொல்றவரைப் பாருங்க. வருஷத்துக்கு 36 சதவீதம். அதைத் தரணும்னா அவர் வியாபாரிகிட்ட அதுக்கும் மேல வாங்கணும். 6 சதவீதத்துக்கு பேங்க்லயே கிடைக்கிற நல்ல வியாபாரி இவர்கிட்ட எதுக்கு வரப் போறார்? பேங்க் கொடுக்காத ஆள்தான் வருவார். இல்லைன்னா வியாபாரமே இருக்காது. பெங்களூர் ஐஎம்ஏ நிறுவனம் வட்டி இல்லை, தங்க வியாபாரத்துல லாபப் பங்குன்னு சொல்லித்தான் ஆயிரக்கணக்கான குடும்பங்கள்ல பணம் வாங்குச்சு. 2019 ஜூன்ல கடையைச் சாத்திடுச்சு. துபாய்க்குப் போன அதிபர் ஜூலையில திரும்பி வந்தப்போ டெல்லியில கைதானார்.

இன்னொரு விஷயமும் தெரிஞ்சுக்கோங்க. இந்தியாவுல இஸ்லாமிய வங்கின்னு ஒண்ணு கிடையாது. 1949-ம் வருஷத்து வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தோட 8-வது பிரிவு, வங்கிகள் சரக்கு வாங்கி விக்கவே கூடாதுங்குது. அப்போ முராபஹா எப்படி நடக்கும்? 2008-ல ரகுராம் ராஜன் குழு வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைச்சது. 2017-ல ரிசர்வ் வங்கி அந்த யோசனையைத் தொடரப் போறதில்லைன்னு சொல்லிடுச்சு. இலங்கையில 2005-ல சட்டத்தைத் திருத்தினாங்க, 2011-ல அமானா வங்கி தொடங்குச்சு. அதனால சென்னையிலயோ மதுரையிலயோ யாராவது "இஸ்லாமிய பேங்க் டெபாசிட்"னு சொன்னா, முதல் கேள்வி லைசென்ஸ் எங்கேன்னுதான்.

வெளிநாட்டுல நிஜமாவே இந்த அக்கவுண்ட் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வேலை. உங்க டெபாசிட் முதாரபாவா, வகாலாவான்னு பாருங்க. முதாரபான்னா லாபத்தை ஒரு விகிதத்துல பிரிச்சுக்குவீங்க. 60:40-ன்னா யாருக்கு 60-ன்னு கேளுங்க. எந்த வருமானம் அந்தப் பொதுக் கணக்குல சேருதுன்னும் கேளுங்க, ஏன்னா பல வங்கிகள்ல முராபஹா லாபம் மட்டும் அதுல சேரும், எல்சி ஃபீஸ் மாதிரி சேவைக் கட்டணம் பேங்கோட பங்குதாரர்களுக்கே போயிடும். வகாலான்னா "எதிர்பார்க்கும் லாபம்"னு ஒரு சதவீதம் போட்டிருப்பாங்க. அது உத்தரவாதம் இல்லை. பேங்க் அதுக்கு மேல சம்பாதிச்சா, பெரும்பாலான ஒப்பந்தங்கள்ல அந்த மிச்சம் ஊக்கத்தொகையா பேங்குக்கே போகும்.