உடம்புக்குள் வைத்த மூட்டுக்கு அத்தாட்சி எங்கே?

முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்ட யாரிடமாவது, உள்ளே வைத்தது எந்தக் கம்பெனி, என்ன பேட்ச் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. அந்த விவரம் எவ்வளவு முக்கியம் என்பது 2010-இல் தெரிந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் டெப்யூ நிறுவனம் தன் ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டை உலகெங்கும் திரும்பப் பெற்றது. உலோகத்தோடு உலோகம் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன; மூட்டைச் சுற்றிய தசை கெட்டது; பலர் மறுபடி அறுவை மேசையில் படுக்க நேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் 1999 முதல் தேசியப் பதிவேடு உண்டு. எங்கே, எந்த மூட்டு வைத்தார்கள், எப்போது அதைக் கழற்றினார்கள் என்பதெல்லாம் அதில் ஏறும். ஏஎஸ்ஆர் வைத்துக்கொண்டவர்கள் அளவுக்கு மீறி மறு அறுவைக்குத் திரும்பி வருவதை அந்தப் பதிவேடு முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது. 2009 முடிவிலேயே அங்கே விற்பனை நின்றது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகளில் அதே மூட்டு வைக்கப்பட்டிருந்தது. 2018-இல் மத்திய அரசு 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு வகுத்தபோது, அந்த மூட்டு வைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோரைத் தேடிக் கண்டுபிடிக்கவே வழியில்லை.

இங்கேயும் மூட்டு அறுவை மருத்துவர்களின் சங்கம் ஒரு பதிவேடு நடத்துகிறது. ஆனால் அதில் தகவல் தருவது கட்டாயமில்லை. 2017-இல் முழங்கால் மூட்டின் விலைக்கு உச்சவரம்பு வைத்த அரசு, அதே உறுதியோடு பதிவையும் சட்டமாக்க வேண்டும். எந்த மூட்டு உழைக்கிறது, எந்த ஆஸ்பத்திரியில் அதிகம் கெடுகிறது என்பது கணக்கெடுத்தால்தானே தெரியும்!

அதுவரை நமக்குப் பிடிமானம் ஒரு சின்ன ஸ்டிக்கர். இம்பிளான்ட் பெட்டிக்குள் கம்பெனி பெயர், அளவு, லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் வரும். தியேட்டரிலேயே பிரித்துக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். டிஸ்சார்ஜ் அன்றே அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தரவேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதி. தள்ளிப்போடாதீர்கள்: மூட்டு 15, 20 வருடம் உழைக்கலாம், ஆவணத்தை 3 வருடம் வைத்திருந்தால் போதும் என்கிறது அதே விதி. பில்லிலும் இம்பிளான்ட்டின் பெயரும் விலையும் தனியாக இருக்கவேண்டும்.

ஆறிய வலி திரும்பினாலோ, வீக்கமோ காய்ச்சலோ வந்தாலோ, தையல் இடத்தில் நீர் கசிந்தாலோ வயசுக் கோளாறு என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் போங்கள். மூட்டின் மேலேயே சந்தேகமென்றால், மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் தேசியத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே புகார் சொல்லலாம். கட்டணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் கவனக்குறைவு இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 1995-இல் உச்ச நீதிமன்றமே உறுதிசெய்த உரிமை அது. வழக்குக்கான காரணம் எழுந்து 2 வருடத்துக்குள் மனு கொடுக்கவேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் அதையும் ஏற்கலாம்.