மிதிவண்டிக்கு ஒரு தடம்

நுழையும்முன்

சாலை அனைவருக்கும் உரிய பொதுச்சொத்து. விரைந்து செல்வோருக்கு மட்டுமன்றி, மெல்லச் செல்வோருக்கும் அதில் பங்கு உண்டு. அப்பங்கைக் காக்கும் மிதிவண்டித் தடங்களின் தேவையை இப்பாடம் விளக்குகிறது.

மிதிவண்டியும் விடுதலையும்

மிதிவண்டி ஓட்ட எரிபொருள் வேண்டியதில்லை. ஓட்டுநர் உரிமமும் வேண்டியதில்லை. அதனால் அது எளிய மக்களின் ஊர்தியாயிற்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுடன் மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். கல்குவாரித் தொழிலாளர், அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர் எனப் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பேருந்துக்கும் வீட்டு ஆண்களின் துணைக்கும் காத்திருந்தவர்கள், தம் வேலைகளுக்குத் தாமே சென்றுவந்தனர்.

தமிழ்நாடு அரசு 2001-2002ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. பின்னர் அத்திட்டம் பிற மாணவ மாணவியருக்கும் விரிவடைந்தது. பதினொன்றாம் வகுப்பில் பெறும் அவ்வண்டி, தொலைவைக் காரணங்காட்டிப் படிப்பு நின்றுவிடாமல் காக்கிறது.

வண்டி உண்டு, வழி?

வண்டி கிடைத்தால் மட்டும் போதுமா? எம். புதுப்பட்டி போன்ற ஊர்களை உள்ளடக்கிய பட்டாசுத் தொழில் வட்டாரத்தின் நடுவே சிவகாசி உள்ளது. 2021இல் அது மாநகராட்சியாக உயர்ந்தது. பட்டாசுப் பெட்டிகளையும் தாள்கட்டுகளையும் சுமந்த லாரிகள், தொழிலாளர்களை ஏற்றிவரும் வேன்கள், பேருந்துகள் ஆகியவற்றோடு ஒரே சாலையில்தான் மாணவியின் மிதிவண்டியும் செல்லவேண்டியுள்ளது. மாலைச் சிறப்பு வகுப்பு முடித்து மகள் இருட்டில் அச்சாலையில் வரவேண்டும் என்றால் பெற்றோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தால் வண்டி வீட்டுத் திண்ணையிலேயே நின்றுவிட்டால், அது வழங்கப்பட்ட நோக்கமும் நின்றுவிடும்.

அவ்வச்சம் காரணமற்றதன்று. மிதிவண்டியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். ஓர் ஊர்தியின் வேகம் 30 கிலோமீட்டரிலிருந்து 60 ஆக இருமடங்காகும்போது, அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. அந்த ஆற்றலைத் தாங்கும் கவசம் எதுவும் மிதிவண்டியில் செல்பவருக்கு இல்லை.

கோடும் காப்பும்

சாலையோரம் வெள்ளைக்கோடு வரைவதனால் மட்டும் தடம் உருவாகிவிடாது. கோட்டைத் தாண்டிக் கார்கள் நிறுத்தப்படும். அவற்றை விலக்கிச் செல்ல மிதிவண்டி மீண்டும் நடுச்சாலைக்கு வரவேண்டும். உயர்த்திய விளிம்புக்கல், கம்பம், செடிவரிசை போன்றவற்றால் பிரிக்கப்பட்டதே பாதுகாக்கப்பட்ட தடம். ஊர்திகள் திரும்பும் சந்திப்புகளில் அது தெளிவாகப் புலப்படவும் வேண்டும்.

நெதர்லாந்தில் 1971இல் மட்டும் நானூற்றுக்கும் மேற்பட்ட சிறுவர்கள் சாலை விபத்துகளில் இறந்தனர். பெற்றோர் வீதியில் இறங்கிப் போராடினர். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் சேர, அந்நாடு தனித்தடங்கள் அமைக்கும் பாதைக்குத் திரும்பியது. இன்று அங்கு மக்கள்தொகையை விட மிதிவண்டிகள் மிகுதி.

அமைத்தலும் பேணுதலும்

பெங்களூருவின் வெளிவட்டச் சாலையில் 2020இல் கம்பங்கள் நட்டு மிதிவண்டித் தடம் அமைக்கப்பட்டது. கம்பங்கள் சேதமடைந்த இடங்களில் மோட்டார் ஊர்திகள் புகுந்தன. அமைப்பதோடு கடமை முடிவதில்லை என்பதை இது உணர்த்துகிறது. குப்பை அகற்றுதல், விளக்கமைத்தல், ஆக்கிரமிப்பைத் தடுத்தல் ஆகியவை இடையறாது நடைபெறவேண்டும்.

தடத்திற்கு இடம் ஒதுக்கினால் கடைவீதியில் வணிகம் குறையும் என்பர் சிலர். ஆனால், ஒரு கார் நிற்கும் இடத்தில் ஏறத்தாழப் பத்து மிதிவண்டிகளை நிறுத்தலாம். அகலம் குறைந்த தெருக்களில் தனித்தடம் அமைப்பது அரிது. அங்கு ஊர்திகளின் வேகத்தை 30 கிலோமீட்டருக்குள் கட்டுப்படுத்துவதே தக்கது.

மிதிவண்டி வழங்கிய சமூகம், அது அச்சமின்றிச் செல்ல வழியும் வழங்கவேண்டும். பள்ளிக்குப் புறப்படும் மாணவியை எவ்வளவு பாதுகாப்பாக அழைத்துச்செல்கிறது என்பதே ஒரு சாலையின் தரத்தைக் காட்டும்.

தெரிந்து தெளிவோம்

ஐக்கிய நாடுகள் பொது அவை 2018இல் ஜூன் 3ஆம் நாளை உலக மிதிவண்டி நாளாக அறிவித்தது.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரிலிருந்து பள்ளிவரை உள்ள சாலையில் மிதிவண்டிக்கு இடர் தரும் இடங்களைக் குறித்து, அவற்றைச் சீர்செய்ய வேண்டி உள்ளாட்சி அமைப்பிற்கு ஒரு விண்ணப்பம் எழுதுக.