ரோபோ செய்யும் பிள்ளைகளும் கூட்டு வியாபாரமும்

கூட்டு வியாபாரம் ஏன் முறிகிறது என்று கேட்டால் பெரும்பாலானோர் பணத்தைத்தான் காரணமாகச் சொல்வார்கள். புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடையில் பல வருடங்களாக வியாபாரம் செய்து வருபவன் என்ற முறையில் நான் கண்டது வேறு. நட்டத்தால் பிரிந்த பங்காளிகளை விட, “என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படிச் செய்தாய்?” என்ற கேள்வியால் பிரிந்தவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கருவாட்டு வாடியாக இருக்கட்டும், இறால் பண்ணையாக இருக்கட்டும், லொறியாக இருக்கட்டும், கதை ஒன்றுதான். மூத்தவர் முடிவெடுக்கிறார். இளையவர் மரியாதைக்காக வாய் திறப்பதில்லை. மூன்றாமவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் குறை சொல்கிறார். கொஞ்ச நாளில் கடைக்குப் பூட்டு, குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

மஷூறா என்ற சொல் நமக்குப் புதிதல்ல. பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து கல்யாணப் பேச்சு வரை கலந்தாலோசித்தே செய்கிறோம். வியாபாரத்துக்கு வந்ததும் அதை மறந்து விடுகிறோம். ஆலோசனை செய்தாலும் ஒழுங்கு முறை ஒன்றில்லாமல் செய்கிறோம். இந்த ஒழுங்கு முறையை யாரிடம் படிக்கலாம் என்றால், ரோபோ செய்யும் பாடசாலைப் பிள்ளைகளிடம் படிக்கலாம் என்பேன். சிரிக்க வேண்டாம், முழுவதும் வாசித்துப் பாருங்கள்.

ஆறு வாரத்தில் ஓர் இயந்திரம்

அமெரிக்காவின் டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989 இல் ‘ஃபர்ஸ்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். எம்.ஐ.ரி. நிறுவனத்தின் பேராசிரியர் வூடி ஃபிளவர்ஸ் அவருக்குத் துணை நின்றார். 1992 இல் ஒரு பாடசாலையின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 குழுக்களுடன் முதற்போட்டி நடந்தது. ஜனவரி மாதத்தில் விளையாட்டின் விதிகளை அறிவிப்பார்கள். அதிலிருந்து ஆறு வாரத்துக்குள் ரோபோவைச் செய்து முடிக்க வேண்டும் என்பதே நீண்ட காலம் நடைமுறையில் இருந்த விதி. அதே அமைப்பு நடத்தும் இன்னொரு போட்டியில், ஆட்டம் தொடங்கும்போது ரோபோ 18 அங்குல நீள, அகல, உயரத்துக்குள் அடங்கி இருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு நீண்ட கை வேண்டும், இன்னொரு பிள்ளைக்குப் பெரிய கூடை வேண்டும், மற்றவருக்குப் பெரிய சில்லு வேண்டும். எல்லாமே 18 அங்குலத்துக்குள் அடங்காது. விட்டுக்கொடுக்காமல் அங்கே ஒரு ஆணியும் முறுக்க முடியாது.

2017 முதல் கேமன் உலக நாடுகளுக்கென்று தனிப் போட்டி ஒன்றையும் ஆரம்பித்தார். முதலாவது வாஷிங்டனில் நடந்தது. 2019 இல் டுபாயில் நடந்ததன் தலைப்பு கடல் மாசு. கடலில் சேரும் கழிவுகளுக்குப் பதிலாகப் பந்துகளை ரோபோக்கள் அள்ளின. இதில் ஒரு விசேடம் உண்டு. ஒரு நாடு தனியாக ஆடுவதில்லை. சில நாடுகளின் குழுக்கள் சேர்ந்து ஓர் அணியாக, அதேபோன்ற இன்னோர் அணிக்கு எதிராக ஆட வேண்டும். இந்த ஆட்டத்தில் கூட்டாளியாக நின்றவர் அடுத்த ஆட்டத்தில் எதிராளி. ஒரே கடைத்தெருவில் இருக்கும் நமக்கு இது விளங்காத விடயமா? பெருநாள் சீசனில் போட்டிக் கடைக்காரர், கொழும்பிலிருந்து சரக்கு ஏற்றும்போது அதே லொறியில் பங்காளி.

கடை மேசையில் ஒரு தீர்மானம்

எமது நாட்டிலும் மொறட்டுவைப் பல்கலைக்கழகம், எஸ்.எல்.ஐ.ஐ.ரி. போன்றவை ரோபோ போட்டிகளை நடத்தி வந்திருக்கின்றன. உயர்தரத்தில் 2013 இல் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கிய பிறகு நமது பக்கத்துப் பிள்ளைகளும் இப்படியான செயற்றிட்டங்களில் இறங்குகிறார்கள். அவர்களில் ஐந்து பேர் ஒரு நாள் என்னுடைய ஹாட்வெயார் கடைக்கு வந்தார்கள். கற்பிட்டிக் கடற்கரையில் பிளாஸ்டிக் போத்தல்களை இழுத்துச் சேர்க்கும் ஒரு சிறு வண்டி செய்கிறார்களாம். பிரச்சினை சில்லு. சாதாரணச் சில்லு மணலில் புதையும். ஒருவர் யுத்த டாங்கிக்கு இருப்பது போன்ற பட்டி வேண்டும் என்றார். இன்னொருவர், பட்டி கழன்றால் யார் மாட்டுவது, சில்லே போதும் என்றார். பணப் பொறுப்பாளரான பிள்ளை, கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் காணும் என்றது.

குரல் உயர்ந்தபோது ஒரு பிள்ளை, “மாமா, இந்த பில்லுக்குப் பின்னால எழுதலாமா?” என்று கேட்டுப் பேனையை எடுத்தது. மணலில் புதையாமை, செலவு, திருத்தும் இலகு என்று மூன்று கோடு. ஒவ்வொன்றுக்கும் புள்ளி. அரை மணி நேரத்தில் முடிவு வந்தது. நாலு அங்குல பீ.வி.சீ. குழாயை அகலமான துண்டுகளாக வெட்டி, மேலே சைக்கிள் டியூபைச் சுற்றினால் சில்லு. பட்டிக்காரரின் அகலமும் இருக்கிறது, சில்லுக்காரரின் எளிமையும் இருக்கிறது, செலவும் குறைவு. எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். பட்டிதான் வேண்டும் என்று கடைசி வரை வாதாடிய பிள்ளையே வாளை வாங்கிக் குழாயை வெட்டத் தொடங்கியது.

கோடு போட்டுப் பார்த்தல்

இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. பெஞ்சமின் பிராங்க்ளின் 1772 இல் தமது நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில், ஒரு தாளை நடுவில் கோடிட்டு ஒரு பக்கம் சாதகங்களையும் மறு பக்கம் பாதகங்களையும் எழுதி, சம எடையுள்ளவற்றை வெட்டி விட்டுப் பார்க்கும்படி சொன்னார். பிற்காலத்தில் ஸ்டுவர்ட் பியூ என்ற பிரித்தானியப் பொறியியற் பேராசிரியர் இதைக் குழுக்களுக்கு ஏற்ற அட்டவணையாக வளர்த்தார். இன்று பொறியியல் மாணவர்கள் அவருடைய பெயராலேயே அதை அறிவார்கள்.

நமக்கு ஏற்ற ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். மூன்று பங்காளிகள், கையில் ஒரு தொகை. ஒருவர் ஆனமடுவையில் இரண்டாவது கடை போடச் சொல்கிறார். ஒருவர் சிறிய லொறி வாங்கச் சொல்கிறார். ஒருவர் மீனுக்குக் குளிர் அறை கட்டச் சொல்கிறார். முதலில் எதைப் பார்த்து முடிவெடுப்பது என்று இணங்க வேண்டும். முதல் குறைவாக இருப்பதற்கு 4, பணம் விரைவில் திரும்புவதற்கு 3, கவனிக்க ஆள் இருப்பதற்கு 3 என்று நிறை கொடுக்கிறார்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் 5 இல் புள்ளி போடுகிறார்கள். இரண்டாவது கடைக்கு முறையே 2, 3, 1. லொறிக்கு 3, 4, 4. குளிர் அறைக்கு 1, 4, 3. நிறையால் பெருக்கிக் கூட்டினால் கடைக்கு 20, லொறிக்கு 36, குளிர் அறைக்கு 25.

இலக்கம் வந்தவுடன் ஓடிப்போய் லொறி வாங்கச் சொல்லவில்லை. இந்த அட்டவணையின் பெரிய பயன், வாக்குவாதத்தின் இடத்தை மாற்றுவது. “உன் யோசனையா, என் யோசனையா?” என்பது போய், “ஆள் விடயத்தில் கடைக்கு 1 சரியா? மருமகன் வெளிநாட்டிலிருந்து வருகிறாரே, 3 போடலாமே” என்று பேச்சு வருகிறது. அப்போது மனிதரோடு மோதல் இல்லை, கணக்கோடுதான் மோதல். இன்னொன்று, நிறையை முதலில் முடிவு செய்ய வேண்டும். புள்ளியைப் பார்த்த பிறகு நிறையை மாற்றுவது, தராசில் விரலை வைப்பதற்குச் சமம்.

பாதி பாதி சமரசம் ஆகாது

விட்டுக்கொடுப்பு என்றால் ஆளுக்குப் பாதி என்று நினைக்கிறோம். பணத்தில் பாதியைக் கடைக்கும் பாதியை லொறிக்கும் போட்டால், சரக்கு இல்லாத கடையும் ஓடாத லொறியும்தான் மிஞ்சும். யாருக்கும் கோபமில்லை, வியாபாரமும் இல்லை. மேலே சொன்ன பிள்ளைகள் ஒரு பக்கம் பட்டியும் மறு பக்கம் சில்லும் பூட்டவில்லை. ஒவ்வொருவருடைய யோசனையிலும் எது உண்மையான தேவை என்று பார்த்து, அதை மட்டும் எடுத்துச் சேர்த்தார்கள். பியூ சொல்லித் தந்ததும் இதுவே: புள்ளி குறைந்த யோசனையைத் தூக்கி எறியாமல் அதிலுள்ள நல்லதை எடுத்து மற்றதோடு இணைத்துப் பாருங்கள்.

ஹெராத் பிள்ளைகள்

இதற்குச் சிறந்த உதாரணம் ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரப் பெண் பிள்ளைகள். தொழில் முனைவரான ரோயா மஹ்பூப் அவர்களை ஒன்று சேர்த்தார். 2017 இல் வாஷிங்டன் போட்டிக்குச் செல்ல அவர்களுக்கு இரு தடவை அமெரிக்க விசா மறுக்கப்பட்டது. ரோபோ உதிரிப் பாகங்களும் தாமதமாகியே கைக்குக் கிடைத்தன. கடைசி நேரத்தில் அனுமதி கிடைத்துப் போய், துணிவான சாதனைக்கான வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினார்கள்.

2020 இல் கொரோனா வந்தபோது அந்த நாட்டில் முதலில் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று ஹெராத். செயற்கைச் சுவாசக் கருவிகள் போதவில்லை. சோமயா ஃபாரூகி தலைமையிலான குழு, எம்.ஐ.ரி. பகிரங்கமாக வெளியிட்டிருந்த ஒரு வடிவமைப்பை எடுத்துக் கொண்டது. உரிய பாகங்களை அந்த நாட்களில் வரவழைப்பது இயலாத காரியம். ஆகவே டொயோட்டா கொரோல்லா காரின் மோட்டாரையும் ஹொண்டா மோட்டார் சைக்கிளின் சங்கிலியையும் பயன்படுத்தினார்கள். அந்த ஊரில் எந்தக் கடையிலும் கிடைப்பது அவைதான். வழமையான கருவி சுமார் 20,000 டொலர் என்றிருக்க, இது சுமார் 700 டொலரில் முடியும் என்று அப்போது செய்திகள் வெளியாயின. வைத்தியசாலையின் முழுமையான கருவிக்கு இது ஈடு என்று அவர்கள் சொல்லவில்லை. அது கிடைக்காத அவசரத்தில் உதவும் என்றே சொன்னார்கள். எதை விட்டுக்கொடுக்கிறோம், எதற்காக விட்டுக்கொடுக்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்வதும் நல்ல தீர்மானத்தின் ஒரு பகுதி.

மௌனம் சம்மதம் அல்ல

கூட்டத்தில் யாரும் எதிர்க்கவில்லை என்பதால் எல்லோரும் இணங்கினார்கள் என்று எண்ணக்கூடாது. ஜெரி ஹார்வி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1974 இல் ஒரு குடும்பத்தின் கதையை எழுதினார். கடும் வெயிலில், குளிரூட்டி இல்லாத காரில், 53 மைல் தூரத்திலுள்ள அபிலீன் நகருக்குச் சாப்பிடப் போய்க் களைத்துத் திரும்புகிறார்கள். வீடு வந்த பிறகுதான் தெரிகிறது, ஒருவருக்குமே போக விருப்பம் இருக்கவில்லை. மற்றவர் விரும்புகிறார் என்று நினைத்து ஒவ்வொருவரும் தலையாட்டியிருக்கிறார்கள். நம்மூர்ப் பங்காளிகள் வாங்கிப் போட்டு ஓடாமல் நிற்கும் இயந்திரங்களில் எத்தனை இப்படி வந்தவை!

இதற்கு மருந்து எளியது. இளையவர் முதலில் பேச வேண்டும், மூத்தவர் கடைசியில் பேச வேண்டும். நாநா வாய் திறந்து விட்டால் தம்பி மறுத்துப் பேசமாட்டார்.

விட்டுக்கொடுக்கக் கூடாத இடம்

எல்லாவற்றையும் கை தூக்கித் தீர்மானிக்க முடியாது. 1986 ஜனவரி 28 ஆம் திகதி சேலஞ்சர் விண்கலம் புறப்பட்டு 73 வினாடியில் சிதறி ஏழு பேர் உயிரிழந்தனர். கடும் குளிரில் இறப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, ஏவ வேண்டாம் என்று பொறியியலாளர்கள் முதல் நாள் இரவே எச்சரித்தார்கள். அவர்களுடைய மேலதிகாரிகள் அந்தச் சொல்லை மீறி முடிவெடுத்தார்கள். இயந்திரத்தில் கோளாறு என்று எஞ்சின் தெரிந்தவர் சொன்னால், மற்ற நான்கு பேரும் சரி என்று சொன்னாலும் படகு கடலுக்குப் போகக் கூடாது. உயிர்ப் பாதுகாப்பு, நிறுவை, சரக்கின் தரம் ஆகியவை புள்ளி போட்டுப் பேரம் பேசும் விடயங்கள் அல்ல.

எழுத்தில் இருக்கட்டும்

ரோபோ போட்டிக் குழுக்கள் குறிப்பேடு வைத்து, எந்த முடிவை ஏன் எடுத்தோம் என்று எழுதுகின்றன. நடுவர்கள் அதையும் பார்ப்பார்கள். நமது நாட்டுச் சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, முதல் 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட கூட்டு வியாபார உடன்படிக்கை எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். இன்று எந்த வியாபாரம்தான் அந்தத் தொகைக்குள் அடங்கும்? பங்குடைமை விடயத்தில் இங்கு பின்பற்றப்படும் 1890 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் இன்னொரு நல்ல வேறுபாட்டையும் வைத்திருக்கிறது. வேறு உடன்பாடு இல்லாத போது, சாதாரண அன்றாட விடயங்களைப் பெரும்பான்மையால் தீர்மானிக்கலாம். வியாபாரத்தின் தன்மையை மாற்றுவதற்கும் புதிய பங்காளியைச் சேர்ப்பதற்கும் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டு, உங்கள் உடன்படிக்கையில் இது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கக் கயிற்றையும் இரண்டு கூட்டம் இழுக்கிறது. ஒரு பக்கம் வேகமாக இழுத்தால் வலை கோணி மீன் தப்பி விடும். கரையில் நின்று வாதாடலாம், வலையைப் போடலாமா வேண்டாமா என்று நாள் முழுக்கப் பேசலாம். வலை கடலில் இறங்கிய பிறகு, வேண்டாம் என்று சொன்னவரும் சேர்ந்தே இழுக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு ஒரு வெற்றுத் தாளும் ஒரு பேனையும் கொண்டு போங்கள், முதலில் இளையவரின் கையில் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் கடன் புத்தகம் பற்றிப் பேசுவோம்.