பிறர் மண்ணில் தேடும் பொன்



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் நோக்கி இரவு வேளையில் பயணம் செய்தவர்கள், மண் ஏற்றிச் செல்லும் டிப்பர் லாரிகளைக் கண்டிருப்பீர்கள். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இவ்வூர்களில் இன்று கார்கள் உற்பத்தியாகின்றன. தொழிற்சாலை எழுப்பவும் வீடு கட்டவும் தாழ்ந்த நிலத்தை மேடாக்க வேண்டும். மேடாக்க மண் வேண்டும். ஆகவே இங்கே மண்ணே பொன்னாகிவிட்டது.

"ஹஜ்ரத், கேட்பாரற்றுக் கிடக்கும் மனையில் நாலு லோடு மண் எடுத்தால் அது திருட்டாகுமா?" என்று ஜும்ஆத் தொழுகைக்குப் பின் ஓர் இளைஞர் என்னிடம் வினவினார். கேள்வி சிறியது. அதற்குரிய பதிலோ மிகக் கனமானது.

பிறருடைய நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக அபகரித்தவனின் கழுத்தில், மறுமையில் ஏழு பூமிகள் வளையமாக மாட்டப்படும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இதை அறிவிப்பவர் சுவர்க்கத்தின் நன்மாராயம் பெற்ற பதின்மரில் ஒருவரான ஸயீத் இப்னு ஸைத் (ரலி) அவர்கள். அவர்கள் தமது நிலத்தை அபகரித்துக்கொண்டதாக அர்வா என்னும் பெண்மணி ஆளுநர் மர்வானிடம் முறையிட்டார். இந்த எச்சரிக்கையை நபியவர்களிடம் நேரில் கேட்ட பின்னரும் நான் அவ்வாறு செய்வேனா என்று கேட்ட ஸயீத் (ரலி) அவர்கள், சர்ச்சைக்குரிய நிலத்தை அப்பெண்ணுக்கே விட்டுக்கொடுத்தார்கள். பொய் வழக்குத் தொடுத்த அப்பெண் பின்னர் பார்வையிழந்து, அதே நிலத்திலிருந்த குழியில் விழுந்து மாண்டார் என ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன.

நிலத்தை விட்டுவிட்டு மண்ணை மட்டும் எடுத்தால் என்ன? இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது 'மின்ஹாஜ்' நூலில், அபகரிப்பு பற்றிய பாடத்தில் இதற்கும் சட்டம் வகுத்துள்ளார்கள். எடுத்த மண்ணையோ அதற்கு நிகரான மண்ணையோ திருப்பிக் கொண்டுவந்து போட்டு, நிலத்தை முன்பிருந்த நிலைக்கே ஆக்கித் தருமாறு உரிமையாளர் அவனைக் கட்டாயப்படுத்தலாம். நாட்டின் சட்டமும் இதற்கு மாறானதன்று. தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் 1959-இன்படி, அனுமதி பெறாமல் மண் அள்ளுவது குற்றம்.

மண்ணுக்கே இவ்வளவு என்றால் பொன்னுக்கு எவ்வளவு! பெருமானார் (ஸல்) அவர்கள் பிலால் இப்னு ஹாரிஸ் (ரலி) அவர்களுக்குக் கபலிய்யா பகுதியின் சுரங்கங்களை எழுத்து மூலம் வழங்கினார்கள். எந்த முஸ்லிமுக்கும் உரிய உரிமை அதில் சேர்த்துக் கொடுக்கப்படவில்லை என்ற விவரமும் அந்த அறிவிப்பில் இடம்பெறுகிறது. வழங்கப்படும் உரிமைக்கும் எல்லை உண்டு என்பது அன்றே உணர்த்தப்பட்டது.

நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டின் சுரங்கம் மற்றும் கனிமங்கள் சட்டப்படி, உரிமம் இன்றிக் கனிமம் தேடவோ தோண்டவோ கூடாது. 2015-இல் செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பின் இக்குற்றத்திற்கு 5 ஆண்டுகள் வரை சிறையும், ஹெக்டேருக்கு 5 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அத்துமீறி நுழைந்தவரை வெளியேற்ற ஆணையிடவும் இச்சட்டம் வழி செய்கிறது.

ஆயினும் ஆசை சட்டத்தை அஞ்சுவதில்லை. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. வேலை போயிற்று, பூமிக்கடியில் எஞ்சிய பொன்னின் மீதிருந்த ஆசை போகவில்லை. 2020 மே மாதத்தில், கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் பொன் தேடி இறங்கியவர்களில் மூவர் மூச்சுத் திணறி இறந்தனர். காற்றோட்டம் நின்றுபோன சுரங்கத்தில் நச்சுவாயு தேங்கும், பிராணவாயு குறையும். இறங்குபவர் அதை உணர்வதற்குள் உயிர் பிரிந்துவிடும். அவர்கள் செய்தது தவறுதான். ஆனால் அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டியிருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இங்கேதான் இரண்டாவது கடமை எழுகிறது. அத்துமீறியவனை எவ்வாறு நடத்துவது? தென்னாப்பிரிக்காவின் ஸ்டில்ஃபோன்டைன் நகருக்கு அருகே, கைவிடப்பட்ட தங்கச் சுரங்கத்தில் சட்டவிரோதமாகத் தோண்டியவர்களை வெளியே வரவழைப்பதற்காக, 2024-இல் காவல்துறை அவர்களுக்குச் சென்ற உணவையும் நீரையும் தடுத்தது. 2025 ஜனவரியில் மீட்புப் பணி நடந்தபோது 246 பேர் உயிருடனும் 78 பேர் பிணமாகவும் மேலே கொண்டுவரப்பட்டனர். ஒரு பூனையைக் கட்டிவைத்து, உணவும் தராமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்தாள் என்று நம் நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்க, மனிதனைப் பட்டினி போட யாருக்கு உரிமை உண்டு? உடைமையைக் காப்பது உரிமை. ஆனால் அநீதிக்கு அநீதி மருந்தாகாது.

நம்மில் பலர் வளைகுடாவில் வியர்வை சிந்தி, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் மனை வாங்கிப் போட்டிருக்கிறோம். அத்தகையோருக்குச் சில சொற்கள். எல்லைக்கல் நட்டு வேலியிடுங்கள். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் அவ்வப்போது சரிபாருங்கள். நம்பிக்கையான உறவினர் ஒருவரை மாதம் ஒருமுறை சென்று பார்க்கச் சொல்லுங்கள். அத்துமீறல் கண்டால் புகைப்படத்துடன் வட்டாட்சியரிடமும் கனிமவளத் துறையிடமும் காவல் நிலையத்திலும் எழுத்து மூலம் முறையிடுங்கள். இரவில் ஆள் திரட்டிச் சென்று லாரி ஓட்டுநரை அடிக்காதீர்கள். அவர் பெரும்பாலும் கூலிக்கு வந்தவர். அனுப்பியவர் வேறிடத்தில் இருப்பார்.

முன்னொரு காலத்தில் ஒருவர் நிலம் வாங்கினார். அதில் ஒரு குடம் நிறையப் பொன் கிடைத்தது. "நான் நிலத்தைத்தான் வாங்கினேன், பொன் உம்முடையது" என்றார் வாங்கியவர். "நிலத்தோடு அதிலுள்ள யாவற்றையும் விற்றுவிட்டேன்" என்றார் விற்றவர். நடுவர், ஒருவரின் மகனுக்கு மற்றவரின் மகளை மணமுடித்து, அப்பொன்னை அவர்களுக்குச் செலவிடவும் தர்மம் செய்யவும் தீர்ப்பளித்தார். இதை நமக்குச் சொன்னவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே. தமக்குரியதல்லாத பொன்னை ஒருவருக்கொருவர் தள்ளிவிட்ட அந்த மனிதர்கள் எங்கே! பிறர் மனையில் பொக்லைனை இறக்கும் நாம் எங்கே!

அந்த இளைஞரிடம் இதையெல்லாம் சொன்னேன். சற்று நேரம் தலைகுனிந்து நின்ற அவர், "உரிமையாளரைக் கண்டுபிடிப்பது எப்படி, ஹஜ்ரத்?" என்று கேட்டார். சர்வே எண்ணைக் கொண்டு பட்டாவில் பெயரைப் பார்க்கலாம் என்றேன். அவரைச் சந்தித்து உண்மையைச் சொல்லி, குழியை மூடித் தந்து, மன்னிப்பும் கேட்டுவிட்டால் அந்தச் சுமை இவ்வுலகிலேயே இறங்கிவிடும். இறக்காமல் போனால் அதை ஏழு பூமிகளோடு சேர்த்துச் சுமக்க நேரும். அல்லாஹ் நம் அனைவரையும் அதிலிருந்து காப்பானாக! ஆமீன்.