மனநோயும் உடலின் காவற்படையும்

பருவ வயதுப் பிள்ளையொன்று தனக்குத்தானே பேசத் தொடங்குகிறது. யாரோ தன்னைக் கொல்லச் சதி செய்வதாகச் சொல்கிறது. உடனே நம் வீடுகளில் எழும் பேச்சு என்ன? "ஜின் பிடித்துவிட்டது", "யாரோ சூனியம் செய்துவிட்டார்கள்", "உம்மாவின் வளர்ப்புச் சரியில்லை". பிள்ளையின் நோயோடு தாயின் கண்ணீரும் சேர்ந்துகொள்கிறது.

சகோதரிகளே! ஸ்கிஸோப்ரீனியா எனப்படும் மனச்சிதைவு நோய் உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு உண்டு. அது தாயின் வளர்ப்பால் வருவதன்று. பரம்பரையும் வேறு பல காரணங்களும் கூடி அதை உண்டாக்குகின்றன. அவற்றுள் உடலின் நோய் எதிர்ப்புச் சக்திக்கும் பங்குண்டு என்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன.

காவலனே தாக்கினால்...

நோய் எதிர்ப்புச் சக்தி என்பது கிருமிகளை விரட்டும் காவற்படை. சில வேளைகளில் அது தவறிச் சொந்த உடலையே தாக்கிவிடும். டென்மார்க்கில் 2011இல் வெளியான பெரிய ஆய்வொன்றின்படி, இத்தகைய தன்னெதிர்ப்பு நோய் முன்பு இருந்தவர்களுக்கு மனச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு 29 சதவீதம் அதிகம். கடும் தொற்றுக்காக வைத்தியசாலை சென்றவர்களுக்கு அது 60 சதவீதம் அதிகம். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதே இல்லை.

2016இல் அமெரிக்க விஞ்ஞானிகள் இன்னொன்றைக் கண்டார்கள். 'சீ4' என்ற பரம்பரை அலகு கிருமிகளை அழிக்க உதவும் புரதமொன்றை உண்டாக்குகிறது. வளரும் மூளையில் வேண்டாத இணைப்புகளைக் களைவதிலும் இப்புரதத்துக்குப் பங்குண்டு. இந்த அலகு அதிகமாக இயங்கும் வகையைப் பெற்றவர்களுக்கு நோய் வரும் வாய்ப்புச் சற்றுக் கூடுகிறது. களையெடுப்பவன் பயிரையும் சேர்த்துப் பிடுங்குவது போன்றது இது என விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். இளமைப் பருவத்தில் இந்நோய் தலைகாட்டுவதற்கும் இது ஒரு காரணமாகலாம்.

ஒரு கடிகாரப் படம்

2009இல் நியூயோர்க்கைச் சேர்ந்த 24 வயதுப் பத்திரிகையாளர் சூசன்னா கஹலானுக்குச் சித்தம் கலங்கியது, வலிப்பும் வந்தது. மனநோய் என்றே சந்தேகித்தார்கள். சிரியாவில் பிறந்த வைத்தியர் சுஹைல் நஜ்ஜார், ஒரு கடிகாரம் வரையும்படி அவரிடம் சொன்னார். அவரோ எண்கள் அனைத்தையும் வலப்பக்கத்திலேயே எழுதினார். மூளையின் ஒரு பாதியில் அழற்சி இருப்பதை வைத்தியர் விளங்கிக்கொண்டார். எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் இந்நோய், 2007இல்தான் பெயர் பெற்று அறியப்பட்டது. உரிய சிகிச்சையால் அப்பெண் குணமடைந்து, தன் கதையை நூலாகவும் எழுதினார்.

இது மனச்சிதைவு நோயன்று. அதைப் போலத் தோன்றும் வேறு நோய். ஆகவே சில நாட்களிலோ வாரங்களிலோ திடீரென்று புத்தி தடுமாறி, அதனுடன் வலிப்பு, காய்ச்சல், பேச்சுக் குழறல், கைகால் விறைப்பு என்பனவும் காணப்பட்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

வீட்டார் கவனத்திற்கு

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் 'டொனிக்' இந்நோயைத் தீர்க்கும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். இங்கே குறை சக்தி போதாமையன்று, அது வழி தவறுவதே. அழற்சியைத் தணிக்கக்கூடிய மினோசைக்ளின் மருந்தைக் கொடுத்துப் பிரித்தானியாவில் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. அதிலும் பயன் தெரியவில்லை. எனவே வைத்தியர் தந்த குளிசைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. குளோசப்பின் குளிசை எடுப்பவர்களுக்கு வெண்குருதிக் கலங்கள் குறையக்கூடும். அவர்கள் குருதிப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. காய்ச்சலோ தொண்டை நோவோ கண்டால் உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

ஓதிப் பார்ப்பவர் ஓதட்டும். அது வைத்தியசாலைப் பயணத்தைப் பிற்போடக் காரணமாகிவிடக் கூடாது. அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துடன் தொடர்புகொண்டு ஆலோசனை கேட்கலாம். நீரிழிவுக்கு மருந்தெடுக்க நாம் வெட்கப்படுவதில்லை. மூளையும் உடலின் ஓர் உறுப்புத்தானே!